இதழ் கையில் இருக்கும்போதே குறித்துவிடுங்கள்: துணைநூற்பட்டியலில் இதழ்க் கட்டுரைகள்

நூலைத் துணைநூற்பட்டியலில் சேர்ப்பது சுலபம். தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் பார்த்தால் போதும். ஆசிரியர், பதிப்பகம், ஊர், ஆண்டு எல்லாம் அங்கேயே இருக்கும். இதழ்க் கட்டுரை அப்படி இல்லை. எழுதியவர் பெயர் கட்டுரையின் தலையிலோ வாலிலோ இருக்கும். தேதி அட்டையில் இருக்கும். மலர் எண், அதாவது எத்தனையாவது ஆண்டுத் தொகுதி என்பது, உள்ளட்டையில் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும். பக்க எண் சில சமயம் எங்குமே இருக்காது.

என் ஆய்வுக்காலத்தில் ஒரு நூலகத்தில் உட்கார்ந்து 1930களில் வந்த ஓர் இதழின் தொகுப்பிலிருந்து 11 கட்டுரைகளைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு வந்தேன். கட்டுரைப் பக்கங்களை மட்டும். ஆறு மாதம் கழித்து பட்டியல் போட உட்கார்ந்தபோதுதான் எந்தக் கட்டுரை எந்த மாத இதழில் வந்தது என்றே தெரியவில்லை என்பது உறைத்தது. இரவுப் பேருந்து பிடித்துப் போனேன். அந்தத் தொகுப்பு பழுதுபார்க்கப் போயிருக்கிறது, இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். அன்றைக்குக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், இது எந்த வகை இதழ்?

பல்கலைக்கழகமோ ஆய்வு நிறுவனமோ கல்விப் பதிப்பகமோ வெளியிடும் ஆய்விதழ் ஒரு வகை. ஆனந்த விகடன், கல்கி போன்ற வெகுஜன இதழ்களும் சிற்றிதழ்களும் இன்னொரு வகை. இந்தப் பிரிவு தரம் பார்த்து வருவதல்ல. எதை வைத்து அந்த இதழைத் தேடிப்பிடிப்பது என்பதுதான் வித்தியாசம். ஆய்விதழை மலர் எண், இதழ் எண் வைத்துத் தேடுவார்கள். வெகுஜன இதழைத் தேதி வைத்துத் தேடுவார்கள். ‘விகடன், மலர் இத்தனை, இதழ் இத்தனை’ என்று கேட்டால் நூலகர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். தேதியைச் சொன்னால் நேரே அலமாரிக்குப் போவார்.

ஆக, ஆய்விதழுக்கு ஆண்டு, மலர், இதழ், பக்கம். வெகுஜன இதழுக்கு முழுத் தேதி, பக்கம். மலர் எண் இருந்தால் கூடுதலாகச் சேர்க்கலாம். இரண்டுக்கும் நடுவில் நிற்பவையும் உண்டு. மும்பையிலிருந்து வரும் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி பெயரளவில் வார இதழ். ஆனால் சமூக அறிவியல் ஆய்வாளர்கள் அதை ஆய்விதழாகவே எடுத்தாளுகிறார்கள். இப்படிக் குழப்பம் வந்தால் மலர், இதழ், தேதி எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். தேவையில்லாததைப் பிறகு நீக்கிக்கொள்ளலாம். இல்லாததைச் சேர்க்கத்தான் பேருந்து பிடிக்க வேண்டியிருக்கும்.

இதழ் முன்னால் இருக்கும்போது செய்ய வேண்டியது

கைப்பேசியில் படம் எடுப்பதென்றால் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் முன்னட்டை, அப்புறம் இதழின் பெயரும் வெளியீட்டு விவரமும் உள்ள பக்கம், அப்புறம் பொருளடக்கம், கடைசியில்தான் கட்டுரை. ஒவ்வொரு கட்டுரைக்கும் இதே வரிசை. பின்னால் படங்களைப் புரட்டும்போது அட்டை வந்தால் புதுப் பதிவு தொடங்குகிறது என்று தெரிந்துவிடும்.

பழைய இதழ்களில் ஒரு சிக்கல் உண்டு. நூலகங்களில் ஓர் ஆண்டு இதழ்களைச் சேர்த்துக் கட்டும்போது அட்டைகளையும் விளம்பரப் பக்கங்களையும் பல இடங்களில் கிழித்துவிடுவார்கள். தேதி அட்டையில்தான் இருந்திருக்கும். அதுவும் சேர்ந்து போய்விடும். அப்படிப்பட்ட தொகுப்பு கையில் கிடைத்தால் ஒவ்வோர் இதழின் முதல் பக்கத்தின் தலைப்பையும், முந்தைய இதழ், அடுத்த இதழ் எந்த மாதம் என்பதையும் பாருங்கள். வரிசையை வைத்து நடுவில் உள்ளதைக் கண்டுபிடிக்கலாம். கண்டுபிடித்த தேதியைச் சதுர அடைப்புக்குறிக்குள் போடுவது வழக்கம். அச்சில் இல்லாததை நீங்கள் ஊகித்துச் சேர்த்தீர்கள் என்று அது வாசகருக்குச் சொல்லிவிடும்.

மலரா, இதழா? பரலா, துணரா?

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். இன்றைய இதழ்களில் ‘மலர் 12, இதழ் 3’ என்றால் பன்னிரண்டாம் ஆண்டின் மூன்றாவது இதழ். சரி. ஆனால் எல்லா இதழும் இந்தச் சொற்களையே பயன்படுத்தவில்லை. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் ‘செந்தமிழ்’ தொகுதி, பகுதி என்று போட்டது. சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் ‘செந்தமிழ்ச் செல்வி’ சிலம்பு, பரல் என்று போட்டது. சிலம்புக்குள் பரல், அதாவது ஆண்டுத் தொகுதிக்குள் தனி இதழ். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ‘தமிழ்ப் பொழில்’ துணர், மலர் என்று போட்டது. பொழிலில் பூங்கொத்து, கொத்தில் ஒரு பூ. அழகான கற்பனைதான்.

ஆனால் பாருங்கள், மற்ற இதழ்களில் ‘மலர்’ என்பது ஆண்டுத் தொகுதி. தமிழ்ப் பொழிலில் ‘மலர்’ என்பது தனி இதழ். ‘துணர் 10, மலர் 4’ என்பதைப் பார்த்துவிட்டு மலர் 4, இதழ் 10 என்று திருப்பிப் போட்ட பட்டியலை நான் ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வேடுகளில் திருத்தியிருக்கிறேன். அந்தப் பதிவை நம்பிப் போகிறவர் ஆறு ஆண்டுகள் தள்ளித் தேடிக்கொண்டிருப்பார். தமிழில் எழுதும் ஆய்வேட்டில் இதழ் எந்தச் சொல்லைப் போட்டதோ அதையே அப்படியே எழுதிவிடுவது பாதுகாப்பு: ‘சிலம்பு 8, பரல் 5’. ஆங்கிலத்தில் எழுதினால் பெரிய அலகைத் தொகுதி எண்ணாகவும் சிறிய அலகை இதழ் எண்ணாகவும் மாற்றுங்கள்.

தேதியிலும் இதே கதை. பழைய தமிழ் இதழ்கள் பலவற்றில் ‘யுவ வருஷம் தை மாதம்’ என்றிருக்கும். தமிழ் வருடப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. யுவ 1935 ஏப்ரலில் தொடங்கியது. மறுபடியும் 1995 ஏப்ரலில் தொடங்கியது. எந்த யுவ என்பது சில சமயம் விலையைப் பார்த்தாலே தெரியும். அணாவில் விலை போட்டிருந்தால் 1957க்கு முந்தியது என்று ஏறக்குறைய முடிவு கட்டலாம். நயா பைசா வந்தது அந்த ஆண்டு ஏப்ரலில்தான். இன்னொன்று: வருடம் சித்திரையில் தொடங்குவதால் தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். 1935இல் தொடங்கிய யுவ வருஷத்தின் தை மாதம் 1936 ஜனவரி நடுவில் பிறக்கிறது. அதை 1935 என்று எழுதினால் தப்பு. மார்கழி இரண்டு ஆண்டுகளிலும் கால் வைத்து நிற்கும். நாள் தெரியாவிட்டால் 1935–36 என்று எழுதுங்கள்.

திருவள்ளுவர் ஆண்டு போட்ட இதழ் என்றால் 31ஐக் கழிக்க வேண்டும். தி.பி. 2020 என்றால் 1989. கழித்து வந்த ஆண்டை முதலில் எழுதி, இதழில் உள்ளதை அடைப்புக்குறிக்குள் சேர்த்தால் இரு பக்கமும் சமாதானம்.

பெயர்: எது முன்னால்?

மேலை நாட்டு முறைகள் எல்லாம் குடும்பப் பெயரை முன்னால் போடச் சொல்கின்றன. நம்மில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. முன்னால் இருக்கும் எழுத்து அப்பா பெயர் அல்லது ஊர்ப் பெயர். எனவே சொந்தப் பெயரை முன்னால் வைத்து, தலைப்பெழுத்தைப் பின்னால் தள்ளுங்கள்: ‘சாமிநாதையர், உ. வே.’ அகரவரிசையில் அது ‘சா’வில் வரும், ‘உ’வில் அல்ல. துணைநூற்பட்டியல் தயாரிக்க உதவும் சோட்டேரோ போன்ற மென்பொருளில் ‘கடைசிப் பெயர்’ என்று கேட்கும் கட்டத்தில் சொந்தப் பெயரைப் போடுங்கள். அப்பாவின் பெயரை முழுதாக விரித்து எழுதுபவர்களின் கட்டுரைகளை இணையத்திலிருந்து மென்பொருள் தானாக இழுக்கும்போது அப்பாவை ஆசிரியராக்கிவிடும். மகள் எழுதிய கட்டுரைக்குத் தகப்பனார் பெயர் எடுப்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

புனைபெயரில் வந்திருந்தால் புனைபெயரிலேயே போடுங்கள். புதுமைப்பித்தன் என்று அச்சில் இருந்தால் அவர் சொ. விருத்தாசலம் என்று உங்களுக்குத் தெரிந்திருப்பதைப் பட்டியலில் காட்ட வேண்டாம். ரா. கிருஷ்ணமூர்த்தி விஷயத்தில் கொஞ்சம் வேடிக்கை. ‘கல்கி’ என்பது ஆளின் பெயரும்தான், அவர் 1941இல் தொடங்கிய இதழின் பெயரும்தான். கல்கி கல்கியில் எழுதியதைக் குறிக்கும்போது ஒரே வரியில் அந்தப் பெயர் இரண்டு முறை வரும். பிழை என்று நினைத்து ஒன்றை அடித்துவிடாதீர்கள்.

பட்டங்களையெல்லாம் விட்டுவிடுங்கள். முனைவர், பேராசிரியர், புலவர், கவிஞர் எதுவும் பட்டியலில் வராது. நெறியாளருடைய கட்டுரையாக இருந்தாலும் வராது.

இப்போது எழுதுவோம்

எந்த முறையில் எழுதுவது என்பதை உங்கள் துறை முடிவு செய்யட்டும். கல்வியியல், உளவியல் துறைகளில் ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கத்தின்) முறை; மொழி, இலக்கியத் துறைகளில் எம்.எல்.ஏ. (அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கத்தின்) முறை; வரலாற்றில் சிகாகோ (சிகாகோ பல்கலைக்கழக அச்சகத்தின்) முறை. ஏ.பி.ஏ.வின் ஏழாம் பதிப்பு 2019இல் வந்தது, எம்.எல்.ஏ.வின் ஒன்பதாம் பதிப்பு 2021இல். பழைய பதிப்பை வைத்து எழுதிய கையேடுகள் இன்னும் துறைகளில் சுற்றிக்கொண்டிருக்கின்றன, கவனம்.

ஓர் உண்மையான கட்டுரையை எடுத்துக்கொள்வோம். எம். எஸ். எஸ். பாண்டியன் 2002இல் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லியில் எழுதியது. ஆய்வேட்டில் இதை ஆங்கில எழுத்திலேயே எழுதுவீர்கள். இங்கே அமைப்பு தெரிவதற்காகத் தமிழ் எழுத்தில் தருகிறேன். ஏ.பி.ஏ. முறையில்:

பாண்டியன், எம். எஸ். எஸ். (2002). ஒன் ஸ்டெப் அவுட்சைட் மாடர்னிட்டி: காஸ்ட், ஐடென்டிட்டி பாலிடிக்ஸ் அண்ட் பப்ளிக் ஸ்பியர். *எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி*, *37*(18), 1735–1741.

கட்டுரைத் தலைப்புக்கு மேற்கோள்குறி இல்லை, சாய்வெழுத்தும் இல்லை. இதழின் பெயரும் 37 என்ற தொகுதி எண்ணும் சாய்வெழுத்தில். அதை ஒட்டியே, இடைவெளி விடாமல், அடைப்புக்குறிக்குள் இதழ் எண், அது நேரெழுத்தில். பக்க எண்ணுக்கு முன்னால் ‘பக்.’ கிடையாது. அதே கட்டுரை எம்.எல்.ஏ. முறையில்:

பாண்டியன், எம். எஸ். எஸ். “ஒன் ஸ்டெப் அவுட்சைட் மாடர்னிட்டி: காஸ்ட், ஐடென்டிட்டி பாலிடிக்ஸ் அண்ட் பப்ளிக் ஸ்பியர்.” *எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி*, தொ. 37, எண் 18, 4–10 மே 2002, பக். 1735–41.

இங்கே தலைப்பு மேற்கோள்குறிக்குள் போய்விட்டது, ஆண்டு பின்னால் நகர்ந்துவிட்டது, ‘பக்.’ வந்துவிட்டது. சிகாகோவில் கடைசிப் பகுதி மட்டும் மாறி, 37, எண் 18 (2002): 1735–41 என்று முடியும்.

1735ஆம் பக்கம் என்பதைப் பார்த்து, ஒரு வார இதழில் இத்தனை பக்கமா என்று ஒரு மாணவி கேட்டார். நல்ல கேள்வி. அன்றைக்கு அந்த இதழ் ஆண்டு முழுவதற்கும் தொடர்ச்சியாகப் பக்க எண் போட்டுவந்தது. ஜனவரியில் 1இல் தொடங்கினால் மே மாதத்தில் 1735. பழைய ஆய்விதழ்கள் பலவும் இப்படித்தான். ஓராண்டு இதழ்களைச் சேர்த்துக் கட்டினால் ஒரே புத்தகமாகிவிட வேண்டும் என்பது கணக்கு. அதனால்தான் ஒரு காலத்தில் இதழ் எண்ணைப் போடாமல் தொகுதி எண்ணும் பக்கமும் மட்டும் போட்டார்கள். இப்போது ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்பு, இதழ் எண் இருந்தால் போட்டே ஆக வேண்டும் என்கிறது.

இந்த இதழின் முன்னோடி 1949இல் தொடங்கிய எகனாமிக் வீக்லி. இன்றைய பெயர் 1966இல் வந்தது. 1955இல் வந்த கட்டுரையை எடுத்தாண்டால் அன்றைய பெயரைத்தான் எழுத வேண்டும்.

வெகுஜன இதழுக்கும் சிற்றிதழுக்கும் ஏ.பி.ஏ. முறையில் ஆண்டுக்குப் பக்கத்திலேயே மாதமும் நாளும் சேர்ந்துகொள்ளும்: (1934, மே 6) என்பது போல. மாத இதழ் என்றால் மாதம் போதும். மணிக்கொடி 1933இல் வார இதழாகத் தொடங்கிப் பிறகு மாதமிருமுறை வரும் சிறுகதை இதழாக மாறியது. அதில் வந்ததை ‘மணிக்கொடி, 1935’ என்று மட்டும் எழுதினால் தேடுகிறவர் ஆண்டு முழுதையும் புரட்ட வேண்டும். தீபாவளி மலர்களுக்கு மலர் எண், இதழ் எண் எதுவும் இருக்காது. இதழின் பெயருக்குப் பின் ‘தீபாவளி மலர்’ என்று எழுதி ஆண்டைப் போடுங்கள்.

தமிழில் சாய்வெழுத்து பற்றி ஒரு வார்த்தை. நம் எழுத்துருக்கள் பலவற்றில் சாய்வெழுத்து கண்ணுக்கு நன்றாக இராது; ‘ழ’வும் ‘ஞ’வும் சரிந்து விழுவதுபோல இருக்கும். இதழ்ப் பெயரைத் தடித்த எழுத்திலோ ஒற்றை மேற்கோளிலோ போடத் துறை அனுமதித்தால் அப்படியே செய்யுங்கள். பட்டியல் முழுதும் ஒரே மாதிரி இருந்தால் சரி.

ஆய்வேட்டின் உள்ளே மேற்கோள் காட்டும்போது ஏ.பி.ஏ. முறையில் (பாண்டியன், 2002, ப. 1736) என்று வரும். ஒரு பக்கம் என்றால் ‘ப.’, பல பக்கங்கள் என்றால் ‘பக்.’ ஒரே ஆசிரியர் ஒரே ஆண்டில் இரண்டு கட்டுரை எழுதியிருந்தால் 2002அ, 2002ஆ. அடிக்குறிப்பு முறையில், முந்தைய குறிப்பில் சொன்னதே என்பதற்கு ‘மேலது’ போடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நடுவில் புதிதாக ஓர் அடிக்குறிப்பைச் செருகினால் அடுத்துள்ள ‘மேலது’ வேறு கட்டுரையைக் காட்ட ஆரம்பித்துவிடும். கடைசி வரைவு வரைக்கும் முழுப் பெயரையே வைத்திருந்து, முடித்த பிறகு ‘மேலது’ ஆக்குவது நல்லது.

இணையத்தில் கிடைத்தது

கட்டுரைக்கு டி.ஓ.ஐ. எண் இருந்தால் பதிவின் கடைசியில் அதைக் கொடுங்கள். கட்டுரைக்கு இணையத்தில் தரப்படும், 10 என்று தொடங்கும் நிரந்தர அடையாள எண் அது. தளத்தின் முகவரி மாறினாலும் அது மாறாது. அது இருக்கும்போது வேறு முகவரி வேண்டாம். ஐ.எஸ்.எஸ்.என். என்ற எட்டு இலக்க எண் இதழுக்கு உரியது, கட்டுரைக்கு உரியதல்ல. அது பட்டியலில் வராது.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலோ, இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேர்த்துவைத்திருக்கும் ‘நூலகம்’ என்ற இணையதளத்திலோ பழைய இதழின் படவடிவத்தைப் பார்த்தீர்கள் என்றால் மூல இதழின் விவரம்தான் பதிவின் உடல். தளத்தின் முகவரி வால். தளத்தை மட்டும் எழுதிவிட்டு இதழின் பெயரை விட்டுவிடுகிறார்கள் சிலர். மேலும், படவடிவக் கோப்பின் பக்க எண் வேறு, இதழில் அச்சான பக்க எண் வேறு. அச்சில் உள்ளதையே எழுதுங்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் ‘இந்தப் பொருளில் கட்டுரைப் பட்டியல் கொடு’ என்று கேட்காதீர்கள். பிறக்காத கட்டுரைக்கும் அது மலர் எண், பக்க எண் எல்லாம் போட்டுக் கச்சிதமாகத் தந்துவிடும். வாய்மொழித் தேர்வில் புறத் தேர்வாளர் அந்த ஒரு பதிவைத்தான் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கைக்கு எட்டாதவை

ஆசிரியர் பெயரே இல்லையென்றால் கட்டுரைத் தலைப்பு ஆசிரியர் இடத்துக்கு வரும். தலையங்கம் என்றால் தலைப்புக்குப் பின் சதுர அடைப்புக்குறிக்குள் ‘தலையங்கம்’ என்று சேருங்கள். அதை இதழாசிரியர் பெயரில் ஏற்றிவிடக் கூடாது. பல இதழ்களில் தலையங்கத்தை உதவியாசிரியர்கள்தாம் எழுதினார்கள். பல இதழ்களில் தொடராக வந்த கட்டுரையில் நீங்கள் மேற்கோள் எடுத்த பகுதி எந்த இதழில் வந்ததோ அதற்கு மட்டும் பதிவு போட்டால் போதும்.

ஒரு கட்டுரையை இதழில் பார்க்காமல், பிற்காலத் தொகுப்பு நூலில் படித்தீர்களா? தொகுப்பு நூலைத்தான் பட்டியலில் போட வேண்டும். முதலில் வந்த இதழ், தேதி ஆகியவற்றைத் தொகுப்பாசிரியர் குறித்திருந்தால் கூடுதல் தகவலாகச் சேர்க்கலாம். மூல இதழையே பார்த்ததுபோல எழுதும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. எனக்கு அது பிடிக்காது. காரணம் நேர்மை மட்டுமல்ல. தொகுப்பாசிரியர் தேதியைத் தப்பாகப் போட்டிருந்தால் அந்தத் தப்பும் உங்கள் தலையில் ஏறும். இன்னொருவர் நூலில் மேற்கோளாக மட்டும் பார்த்த கட்டுரை என்றால் உள்ளே மூல ஆசிரியர் பெயரைச் சொல்லி ‘எடுத்தாண்டவர்’ இன்னார் என்று குறியுங்கள். பட்டியலில் அந்த இன்னாரின் நூல் மட்டும் வரும்.

அடுக்குவது

கடைசி வேலை அகரவரிசை. கணினியை நம்பி வரிசைப்படுத்தும் பொத்தானை அழுத்திவிட்டு எழுந்து போகாதீர்கள். சில மென்பொருள்கள் யூனிகோடு எண் வரிசையில் அடுக்கும். அதில் ‘ஜ’ என்பது ‘ச’வுக்கும் ‘ஞ’வுக்கும் நடுவில் வந்துவிடும். நம் அகரவரிசையிலோ ஜ, ஷ, ஸ, ஹ நான்கும் ‘ன’வுக்குப் பிறகு, எல்லாவற்றுக்கும் கடைசியில். ஆகவே ஜெயகாந்தன், ஜானகிராமன் போன்ற பெயர்களை மட்டும் கையால் கீழே இறக்குங்கள். தமிழ்க் கட்டுரைகளுக்கு ஒரு பட்டியல், ஆங்கிலக் கட்டுரைகளுக்கு ஒரு பட்டியல் என்று பிரித்துவிட்டால், ‘பாண்டியன்’ தமிழில் எழுதியது ‘ப’விலும் ஆங்கிலத்தில் எழுதியது ஆங்கில வரிசையிலும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முந்தின நாள், பட்டியலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஐந்து பதிவுகளைத் தொட்டு, எடுத்துவைத்த படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்தில் இரண்டு தப்பாக இருந்தால் அன்றைக்கு அச்சகத்துக்குப் போக வேண்டாம்.